மெஷின் வரும்வரை

செப்டம்பர் 11, திங்கள்

கால்நடை டாக்டரம்மா கொடுத்த நோட்டு இது. எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் மேய்ந்தது, புல் எவ்வளவு உயரம், கம்பியில் டெஸ்டர் வைத்தால் எத்தனை விளக்கு எரிகிறது என்று தினமும் எழுத வேண்டுமாம். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான்.

எட்டு ஏக்கர் கொரங்காடு. மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலம், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். சுற்றிலும் கிளுவை வேலி. அதற்கு உள்பக்கம் இப்போது ஐந்து வரிசைக் கம்பி. குறுக்கேயும் கம்பி இழுத்து நான்கு கட்டமாகப் பிரித்தாயிற்று. மாடு இரண்டும் செவலைக் கிடேரியும் முன்னால் போய் மேல்புல்லைத் தின்னும். அவை நகர்ந்ததும் செம்மறி முப்பத்தொன்றும் பின்னால் போகும். வெள்ளாடு ஆறும் எங்கே விட்டாலும் மரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கும். புல் நாலு விரற்கடைக்குக் கீழே போகுமுன் எல்லாவற்றையும் அடுத்த கட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூர் காய்ந்துவிடும்.

கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது சோலார் மெஷின். நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று அடித்து விட்டுவிடும். நான் தொட்டுப் பார்த்தேன். முழங்கை வரை சுண்டியது. ஆடுகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டன.

வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். தைக்குத்தான் வருவார். மகள் கீர்த்தனா ஈரோட்டில் ஹாஸ்டல். வீட்டில் நான் மட்டும்.

செப்டம்பர் 15, வெள்ளி

இரண்டாம் கட்டம். புல் முழங்கால் உயரம். ஐந்து விளக்கு.

பக்கத்துக் காட்டு செல்லமுத்து அண்ணன் காலையில் பால் கேனோடு நம் காட்டின் குறுக்கே நடந்து போகும்போது கம்பியைப் பார்த்துச் சிரித்தார். "இதென்ன அம்மணி, வீணைக்குக் கம்பி கட்டுனாப்ல." அவருக்கு நான் படல் பக்கம் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறேன். பால் வண்டி நிற்கும் ரோட்டுக்கு அதுதான் குறுக்குவழி. அவருடைய நாய் ஜிம்மியும் பின்னாலேயே போகும்.

செப்டம்பர் 18, திங்கள்

மேற்கே ஒரு தோட்டத்தில் பட்டிக்குள் நாய்கள் புகுந்து பதினான்கு ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன என்று செல்லமுத்து அண்ணன் வீட்டு ருக்மணி அண்ணி சொன்னார். இருவரும் போய்ப் பார்த்தோம். போயிருக்கக் கூடாது.

எதையும் தின்னவில்லை. கழுத்தைக் கடித்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கின்றன. ஒரு ஆடு உயிரோடு நின்றுகொண்டிருந்தது. பின்னால் சதை இல்லை. அது நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"கறிக்கடைக் கழிவத் தின்னு பழகுன நாயிங்க. ஆளப் பார்த்தாலும் ஒதுங்கறதில்லியாம்" என்றார் அண்ணி.

செப்டம்பர் 21, வியாழன்

மழை. புல் வளர்ந்து கீழ்க்கம்பியில் உரசுகிறது. மூன்று விளக்குதான். மதியம் முழுக்க அரிவாளோடு உட்கார்ந்து கம்பியோரம் புல் அறுத்தேன். மாலையில் ஐந்து.

செப்டம்பர் 24, ஞாயிறு

நல்ல வெயில் நேரம். நாலாம் கட்டத்துக்கு அந்தப் பக்கம் வேலிச் சந்தில் ஐந்து நாய்கள் நின்றன. குரைக்கவில்லை. வாலும் ஆட்டவில்லை. ஆடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. கல்லெறிந்தேன். ஒரு நாயின் பக்கத்தில் விழுந்தது. அந்த நாய் கல்லை ஒருமுறை பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. தாங்களாகத்தான் போயின.

ஐந்து விளக்கு. மூன்று தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 27, புதன்

சாயங்காலம் பக்கத்துப் பனையில் இடி. மெஷினில் 'டிக்' இல்லை. உள்ளே கருகிய வாடை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர் அனுப்பிப் பழுதுபார்க்க இருபது நாள் ஆகுமாம். "அதுவரைக்கும் பட்டியை வீட்டோரம் போட்டுக்கங்க, ஆடுகளைத் தனியா விடாதீங்க" என்றார்.

செப்டம்பர் 29, வெள்ளி

ரேஷன் கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒன்பது. அதில் மூன்று சினை.

செப்டம்பர் 30, சனி

நேற்று எழுத முடியவில்லை.

கூட்டமாகக் கம்பியைத் தாண்டியிருக்கின்றன. திரும்பி வந்தபோது இரண்டு நாய்கள் இன்னும் உள்ளேதான் இருந்தன. கையில் அரிசிப் பையோடு கத்தினேன். ஒன்று ஓடியது. இன்னொன்று என்னை நோக்கி நாலைந்து அடி வந்தது. நான் பையைப் போட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் படலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்தபடியே, வெளியே மீதி ஆடுகள் கத்துவதைக் கேட்டேன். செல்லமுத்து அண்ணன் தடியோடு வந்து விரட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

டாக்டரம்மா வந்து அறுத்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். ஒரே குழியில் புதைத்தோம்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "வண்டிய விட்டுட்டு இப்ப வர முடியாது துளசி. நீ பார்த்துக்குவே" என்றார். பார்த்துக்கொண்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

மீதி இருபத்திரண்டும் வாசலில் பட்டி போட்டு அடைத்திருக்கிறேன். வெள்ளாடுகள் சமையலறைப் பக்கம். பசும்புல் மூன்றாம் கட்டத்தில் முதிர்ந்து காய்கிறது. ஆடுகளுக்கு உலர்தீவனம் போதவில்லை. மேயவிடப் பயம், மேய விடாமலும் முடியாது. நான் கொட்டகையை விட்டு வெளியே வந்திருந்தால் நாலு ஆடாவது பிழைத்திருக்கும். செல்லமுத்து அண்ணன் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 3, செவ்வாய்

ஆட்டு வியாபாரி ஒருவர் வந்தார். மீதியைக் கேட்டார், தரமாட்டேன் என்றேன். கம்பியைப் பார்த்துவிட்டு, "மெஷின் எதுக்குங்க? மோட்டார் ரூம்ல இருந்து ஒரு ஒயர இழுத்து மாட்டிவுட்டா அப்புறம் ஒரு நாயி வராது" என்றார்.

"ஆளு தொட்டா செத்துப் போயிருவாங்களே."

"இருட்டுல உங்க காட்டுக்குள்ள ஆருங்க வரப்போறா? விடியறப்ப நிறுத்திப்போடுங்க."

அவர் போன பிறகு பாத்திரம் கழுவினேன். சாணி அள்ளினேன். மோட்டார் ரூமைக் கூட்டினேன். கூட்ட வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 4, புதன்

கம்பிக்கு ஒரு ஏற்பாடு செய்தாயிற்று. என்ன ஏற்பாடு என்று இங்கே எழுதப் போவதில்லை. மெஷின் வரும்வரைதான்.

பட்டியை மூன்றாம் கட்டத்துக்கு மாற்றினேன். மாலை ஆறு மணிக்குப் போட வேண்டும். காலை ஐந்தரைக்கு நிறுத்த வேண்டும். மறக்கக் கூடாது என்று மோட்டார் ரூம் கதவில் கரியால் எழுதி வைத்தேன். பிறகு யாராவது பார்ப்பார்கள் என்று அழித்துவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

காலையில் செல்லமுத்து அண்ணனிடம், "கொஞ்ச நாளைக்கு ரோட்டு வழியாவே போங்கண்ணா. மாடு முட்டுது" என்றேன்.

"உன்ற மாடா? அது நான் வந்தா கழுத்தச் சொறியச் சொல்லி நீட்டுமே."

"இப்பக் கொஞ்சம் மிரளுதுங்க."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். "செரி அம்மணி" என்று சொல்லிவிட்டுச் சுற்றிப் போனார். ஒன்றரை மைல் சுற்று. அந்தக் கேன் இருபது லிட்டர்.

அக்டோபர் 7, சனி

கம்பியோரம் ஒரு கீரி.

அக்டோபர் 8, ஞாயிறு

தெருநாய் ஒன்று. அன்று என்னை நோக்கி வந்ததா இது என்று தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும். நேரம் போனதே தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புதைத்தேன்.

இருபத்திரண்டும் இருக்கின்றன. மேய்ச்சல் நன்றாக இருக்கிறது. புல் ஆறு விரற்கடை.

அக்டோபர் 10, செவ்வாய்

ஒரு மயில். யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா போன் செய்தார். மெஷின் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வரவில்லை என்றால், ஆடுகளை எப்படி வெளியே விடுகிறீர்கள் என்று அடுத்துக் கேட்பார் என்று பயம்.

அக்டோபர் 11, புதன்

காலையில் சுவிட்சை நிறுத்தினேனா என்று சந்தேகம் வந்து திரும்பப் போய்ப் பார்த்தேன். நிறுத்தியிருந்தது. சோறு வைத்துவிட்டு மறுபடி போனேன். நிறுத்தியிருந்தது. குளிக்கும்போது மறுபடி சந்தேகம். ஈரத்தலையோடு போனேன்.

அக்டோபர் 12, வியாழன்

நாய் ஒன்று. இரண்டாம் கட்டத்து மூலையில். கழுத்தில் பச்சை நைலான் கயிறு இருந்தது. தெருநாய்க்கும் யாராவது கயிறு கட்டியிருப்பார்கள். வெள்வேல மரத்தடியில் புதைத்தேன். கயிற்றை அவிழ்க்கவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

ருக்மணி அண்ணி வந்தார். ஜிம்மியைப் பார்த்தாயா என்று கேட்டார். இரண்டு நாளாகச் சோற்றுக்கு வரவில்லையாம். பார்க்கவில்லை என்றேன். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். "அந்த நாய்க்கூட்டத்தோட சேர்ந்திருச்சோ என்னமோ" என்றார். இருக்கும் என்றேன்.

நான்காம் கட்டம் நாளை திறக்க வேண்டும்.

அக்டோபர் 15, ஞாயிறு

சுவிட்ச் ஆறு தடவை.

கீர்த்தனா விடுமுறைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம், நாய்த் தொல்லையாக இருக்கிறது, அங்கேயே இரு என்றேன். "நாய்க்குப் பயந்துட்டா வீட்டுக்கே வரக் கூடாதா?" என்று கேட்டாள். நாய்க்காகத்தான் என்று மறுபடி சொன்னேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

மோட்டார் ரூமிலிருந்து நேராக வேலிக்கு ஒயர் இழுத்திருந்தேன். மெஷின் போல அடித்து விடுகிற கரண்ட் இல்லை. பிடித்தால் விடாத கரண்ட். அக்டோபர் நாலாம் தேதியிலிருந்து அப்படித்தான் ஓடுகிறது. இதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். பேப்பரில் படித்திருக்கிறேன். யானை செத்ததையும் ஆள் செத்ததையும்.

இன்று விடியும் முன்பே மழை. ஐந்தரைக்கு எழுந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. லைன் போய்விட்டது, கம்பியிலும் இருக்காது, மழை விட்டதும் போய் சுவிட்சை நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கறந்தேன். மாடுகளை நாலாம் கட்டத்துக்கு ஓட்டிவிட்டேன். கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எட்டு மணி இருக்கும். தலைக்கு மேலே பல்பு எரிந்தது.

வெளிச்சம் வந்ததே என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. விளக்குமாறு இரண்டு தடவை இழுத்த பிறகுதான் புரிந்தது.

வெளியே ஓடினேன். நாலாம் கட்டத்தின் கோடியில் செவலைக் கிடேரி கம்பியோரம் கிடந்தது. கால்கள் விறைத்து ஆடின. அந்தப் பக்கம் தன் காட்டிலிருந்து செல்லமுத்து அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். கிடேரி கம்பியில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து அதை இழுத்துவிட ஓடி வருகிறார்.

"அண்ணா, தொடாதீங்க" என்று கத்தினேன். மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் பக்கம் ஓடினால் என்னால் எட்ட முடியாது. மோட்டார் ரூம் இந்தப் பக்கம். திரும்பி ஓடினேன். சேற்றில் ஒருமுறை விழுந்தேன். சுவிட்சை நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். நான் விழுந்து எழுந்த நேரத்தில் அவர் கம்பியைத் தொட்டிருக்கலாம். வெளியே வந்து பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றேன். மழைச் சத்தம் மட்டும்தான். அவர் குரல் கேட்கவேயில்லை. ருக்மணி அண்ணியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதைத்தான் யோசித்தேன். அவரைப் போய்த் தூக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு வாசலில் நிழல் விழுந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தார்.

"புல்லுக் கருகுற நாத்தம் வந்துச்சு" என்றார். "கைய நீட்டிட்டேன். அந்த நாத்தம் வந்ததால நின்னேன்."

அவர் ஒயரைப் பார்த்தார். சுவிட்சிலிருந்து ஜன்னல் வழியாக அது வெளியே போவதைக் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தார்.

"என்னை ரோட்டு வழியாப் போகச் சொன்னது இதுக்குத்தானா அம்மணி?"

"ஆமாங்கண்ணா."

"நான் ரோட்டு வழியாப் போனேன். என்ற ஊட்டுக்காரி? மெஷின் நின்னதுல இருந்து அவ உங்கிட்ட வர்றப்பெல்லாம் கம்பியப் புடிச்சுட்டுத்தான நின்னு பேசுவா?"

பகலில் நிறுத்திவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கிடேரி வெளியே கிடந்தது.

"ஒயரக் கழட்டு. நான் பார்க்கோணும்" என்றார். மெயினை இறக்கிவிட்டுக் கழற்றினேன். முறுக்கைப் பிரிக்க நேரமாயிற்று. அவர் உதவிக்கு வரவில்லை. கழற்றி முடித்ததும் கேட்டார்.

"ஜிம்மியும் இதுலயா?"

தலையாட்டினேன். அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 18, புதன்

காலையில் செல்லமுத்து அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. "நீயாப் போயி ஈபி ஆபீஸ்ல சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"நானே போறேனுங்க."

"ராத்திரி நானும் யோசிச்சேன். உன்ற நெலமை எனக்குத் தெரியாததில்ல. ஆனா நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து காவலுக்குப் படுத்திருப்பனே. கேக்கறதுக்கு என்ன பயம் உனக்கு?"

கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டதை அவர் பார்த்துவிட்டார், அதனால்தான் நான் கேட்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். ஆட்கள் வந்து பார்த்து, படம் எடுத்து, மோட்டார் ரூம் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். பிறகு போலீஸ் ஸ்டேஷன். மயிலையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அது நாங்க கேக்கவே இல்லியேம்மா" என்றார். கேட்காவிட்டாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வழக்கு உண்டு. கூப்பிடும்போது வர வேண்டும்.

டாக்டரம்மா கிடேரியை அறுத்துப் பார்க்க வந்தார். "மெஷின் வந்துருச்சுன்னு சொன்னீங்களே துளசிமணி" என்று மட்டும் சொன்னார். வேலை முடித்துக் கை கழுவும்போது அழுதது போலிருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாம் சொன்னேன். "ஆளுக்கு ஒண்ணும் ஆகலியில்ல?" என்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்று மூன்று தடவையும் சொன்னேன். தீபாவளிக்கே கிளம்பி வருகிறேன் என்றார்.

அக்டோபர் 29, ஞாயிறு

மெஷின் வந்தது. டாக்டரம்மா கூடவே இருந்து மாட்டிக் கொடுத்தார். 'டிக்' என்று அடிக்க ஆரம்பித்தது. டெஸ்டரை என்னிடம் நீட்டினார். என்னால் கம்பிக்கு அருகில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அவரே வைத்துப் பார்த்தார். ஐந்து விளக்கு.

மதியம் மூன்று நாய்கள் வந்தன. முன்னால் வந்தது மூக்கைக் கீழ்க்கம்பியில் வைத்தது. வீலென்று கத்திக்கொண்டு திரும்பி ஓடியது. மற்றவையும் ஓடின. உயிரோடு ஓடுவதைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

முதல் கட்டம். புல் மறுபடி முழங்கால். ஐந்து விளக்கு. இன்று நானே பார்த்தேன்.

ருக்மணி அண்ணி வந்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். படலுக்கு வெளியிலேயே கம்பியிலிருந்து நாலடி தள்ளி நின்றார். மெஷினை நிறுத்திவிட்டு வந்து கூப்பிட்டேன். "நிறுத்திட்டியா?" என்று கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன். "நிறுத்திட்டியா?" என்று மறுபடி கேட்டார். பிறகுதான் உள்ளே வந்தார்.

எங்கே புதைத்தாய் என்று கேட்டார். வெள்வேல மரத்தடிக்கு அழைத்துப் போனேன். மண் அமுங்கி அதன் மேல் புல் முளைத்திருந்தது.

"ரொம்பத் தவிச்சுதா?"

"தெரியாதுங்க அண்ணி. காலையிலதான் பார்த்தேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்குனேன். அந்த மாசத்துலயே அன்னைக்கு ஒரு நாள்தான் தூங்குனேன்."

அவர் குனிந்து அந்த இடத்தில் கிடந்த காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். வெகுநேரம் அதையே செய்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"இனிமே உன்ற வேலியோரம் வர்றப்ப எனக்குக் கால் நடுங்கும் துளசி. நிறுத்திட்டேன்னு நீ எத்தனை தடவ சொன்னாலும் நடுங்கும். கோவத்துல சொல்லல. அப்படித்தான் இருக்கும்னு சொல்றேன்."

"தெரியுதுங்க அண்ணி."

"தெரிஞ்சிருந்தாச் செரி."

அவரைப் படல் வரை கொண்டுபோய் விட்டேன். வெளியே போனதும் நடையை எட்டிப் போட்டார். அவர் தன் காட்டு எல்லையைத் தாண்டும்வரை மெஷினைப் போடாமல் நின்றேன். தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.